வாசல் இணையத்தில்; சாவி யார் கையில்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில், தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் பேருந்து நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் ஒன்றாக நடக்கும் ஒரு பத்தடிக் கடை இருக்கும். அதன் வாசலில் வரிசை நிற்கும். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிப் பிடித்தபடி அம்மா, பக்கத்தில் பிள்ளை. "மெயில் ஐடி இருக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். பிள்ளை இல்லை என்று தலையாட்டும். "சரி, நானே ஒண்ணு போட்டுடறேன்." பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து ஒரு முகவரி தயாராகும். பாஸ்வேர்டை ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதித் தருவார். அடுத்து செல்போன் எண். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவிடம். அப்பா வேலைக்குப் போயிருப்பார். வரிசையோ நீள்கிறது. கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டு, வரும் ஓடிபியைத் தானே பார்த்துத் தட்டிவிடுவார். ஐந்து நிமிடத்தில் விண்ணப்பம் முடிந்தது.

அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளையின் கல்லூரி இடம் தொடர்பான ஒவ்வொரு தகவலும் இன்னொருவர் போனுக்குத்தான் போகும். தரவரிசை வந்ததும் அங்கே, விருப்பப் பட்டியல் போடச் சொல்லும் செய்தியும் அங்கே, தற்காலிக ஒதுக்கீடும் அங்கே. பொறியியல் கலந்தாய்வில் ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் போடச் சில நாள்கள்தான் அவகாசம். ஒதுக்கீடு வந்தபின், இந்த இடமே போதும் என்பதா, இதை வைத்துக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று சொல்ல அதைவிடக் குறைந்த நேரம். அந்தச் சில நாளில் கடைக்காரர் ஊரில் இல்லையென்றால், சிம்மை மாற்றியிருந்தால், வேலை மும்முரத்தில் செய்தியைக் கவனிக்கவில்லையென்றால், கையில் இருந்த கட் ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடம் அந்தச் சுற்றில் போய்விடும். நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எதை முதலில் போடுவது, எதை ஏழாவதாகப் போடுவது என்ற முடிவையும் பல நேரம் அந்தக் கடை மேசையில் யாரோ எடுக்கிறார்கள். "அண்ணே, நீங்களே பார்த்துப் போட்டுடுங்க" என்பதுதான் அங்கே அதிகம் கேட்கிற பேச்சு.

கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு அவர் செய்து தருவது, பள்ளிக்கூடம் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கே சொல்லித் தந்திருக்க வேண்டிய வேலை. உதவி மையங்கள் என்று மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேல் அரசே திறந்து வைக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு நல்ல வழிகாட்டலும் கிடைக்கிறது. ஆனாலும் பேருந்து நிலையக் கடையின் வரிசை குறையவில்லை. அது பக்கத்தில் இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கும் திறந்திருக்கிறது, அங்கே யாரும் திட்டுவதில்லை.

இணையவழிக்கு மாறியதே தவறு என்று யாரும் வாதிட முடியாது. 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கியபோது, ராமநாதபுரத்து விவசாயி மகனும் மகளும் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை வந்து, கிண்டியில் இறங்கி, நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். 2018இல் அது இணையத்துக்குப் போனதும் அந்தப் பயணச் செலவும் அலைச்சலும் மிச்சமாயின. பெரிய நன்மைதான். ஆனாலும் கிண்டியில் ஒரு வசதி இருந்தது: திரைக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்குப் பக்கத்தில், சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருந்தார். திரை ஊருக்கு வந்தது. அந்த ஆள் வரவில்லை.

கல்லூரிச் சேர்க்கை ஒரு எடுத்துக்காட்டுதான். வருமானச் சான்று, பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், முதியோர் ஓய்வூதியம், வங்கியின் கேஒய்சி என்று கடந்த இருபது ஆண்டுகளில் அரசு தன் வாசல்களை ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றிவிட்டது. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டும் பெண்ணின் வருகைகூட 2023 ஜனவரியிலிருந்து ஒரு செயலியில் படம் எடுத்து ஏற்றினால்தான் கணக்கு என்றானது. சிக்னல் கிடைக்காத கரையில் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மேடு தேடி நடந்தால், அன்றைய கூலி அந்தக் கையில் இருக்கிறது என்று பொருள். வாசலை இடம் மாற்றியவர், புது வாசலுக்கு எப்படி வருவது என்று சொல்லித் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வழக்கு அவ்வளவுதான்.

போன் தெரிந்தால் போதாதா?

இந்தக் கேள்வியைப் படித்தவர்களே கேட்கிறார்கள். நாடு முழுக்க நூற்றுக்கு எண்பத்தைந்து வீடுகளில் ஸ்மார்ட்போன் இருப்பதாக 2025ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தை யூடியூபைத் தானே திறக்கிறது. பிறகென்ன இடைவெளி?

2023இல் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் ஆய்வுக் குழு கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் இதைத்தான் விசாரித்தது. பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கும் அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடு என்று பார்த்தால் நூற்றுக்கு ஒன்பதுதான். கணினி உள்ள வீட்டுப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்கு அதைக் கையாளத் தெரிந்தது. இல்லாத வீட்டில் 34 விழுக்காட்டினருக்கே தெரிந்தது. போன் பரவினால் கணினி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. வீட்டில் இல்லாததைப் பள்ளி ஈடுகட்டவும் இல்லை.

போன் நமக்குக் காட்டுவதை நாம் பார்க்கிறோம். கணினியில் உட்கார்ந்தால் நாம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். ஒரு கடிதம் தட்டச்சு செய்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, ஒரு ஃபோல்டரில் சேமித்து, மறுவாரம் அதைத் தேடி எடுத்து, திருத்தி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவது. ஓர் அட்டவணையில் மகளிர் குழுவின் வரவு செலவைப் போட்டுக் கூட்டுவது. இதெல்லாம் சின்ன வேலைகள். ஆனால் சம்பளம் வரும் வேலைகள் பலவும் இந்தச் சின்ன வேலைகளின் மேல்தான் நிற்கின்றன. அரசுப் பள்ளியிலிருந்து வந்து கல்லூரி முதலாண்டில் சேர்ந்த பெண்ணிடம் "அசைன்மென்ட்டை வேர்டு ஃபைலாக அனுப்பு" என்று சொல்லும் பேராசிரியர், அது தெரிந்த விஷயம்தானே என்று நினைத்துச் சொல்கிறார். அவளோ போனிலேயே கட்டைவிரலால் பத்துப் பக்கம் தட்டியிருப்பாள். அது எங்கே சேமிக்கப்பட்டது என்று தெரியாமல், திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே லேப் பீரியட் இருந்த பள்ளியில் படித்தவர்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள். அவர்கள் முன்னால் கேட்க அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் பல பேரை இரண்டாம் ஆண்டு வரை பின் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறது.

தேர்வுகள் இன்னும் கடுமை. ஜேஇஇ மெயின் 2019 முதல் கணினியில் நடக்கிறது. வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி, ரயில்வே தேர்வுகளும் அப்படித்தான். மவுஸைப் பிடித்து நான்கு முறை பழகியவருக்கு அது ஒன்றுமே இல்லை. தேர்வறையில்தான் முதல்முறை பிடிக்கிறவருக்கு, விடையை மாற்றுவது எப்படி, விட்ட கேள்விக்குத் திரும்புவது எப்படி என்று பழகுவதிலேயே முதல் பதினைந்து நிமிடம் போகிறது. மேலே நேரம் குறைந்துகொண்டே வருவது திரையில் தெரிகிறது. மாதிரித் தேர்வை இணையத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுப் பழகவும் ஒரு கணினி வேண்டும்.

பெண்களுக்கு இந்த இடைவெளி இரட்டிப்பு. அதே அசர் ஆய்வில், போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தப் போன் இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடம்தான். மற்றவர்கள் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தரும்போது எதைப் பார்த்தாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தவறு செய்து, அழித்து, மறுபடி முயன்றால்தான் எந்தக் கருவியும் கைக்கு வரும். அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரால் தவறு செய்து பழக முடியும்?

தெரியாமல் இருப்பதன் விலையைப் பணமாகவும் கட்டுகிறோம். சைபர் மோசடிகளில் 2024இல் மட்டும் நாடு முழுவதும் 22,800 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோனதாக மத்திய உள்துறையின் கணக்கு. ஏமாந்தவர்களில் மெத்தப் படித்தவர்களும் உண்டு. ஆனால் ஓடிபியை இன்னொருவரிடம் சொல்வதே வழக்கமாகிப்போன வீட்டில், போனில் வரும் புதுக் குரலிடமும் அதைச் சொல்லாதே என்று எப்படிப் புரியவைப்பது? பிரவுசிங் சென்டரில் நாம் பழக்கிவிட்டது அதைத்தானே.

மடிக்கணினி கொடுத்தோமே

கொடுத்தோம், அது வீண் போகவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுபோனது. குடிசைக்குள் பாயில் உட்கார்ந்து அதில் படித்து ஐடி நிறுவனத்துக்குப் போனவர்களை எல்லா ஊரும் காட்டும். விற்றுவிட்டார்கள், சினிமா பார்த்தார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. தங்கள் பிள்ளையின் மடிக்கணினியில் சினிமா ஓடாதது போல அவர்கள் பேசியதை நான் ஏற்கவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. பெரும்பாலானோருக்கு அது பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் கைக்கு வந்தது. 2017-18இல் பிளஸ் டூ முடித்தவர்கள் அது கிடைக்காமல் மறியலே செய்ய வேண்டியிருந்தது. பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் குரூப் எடுத்தவர் தவிர மற்றவர்களுக்கு அதைத் திறந்து வைத்து என்ன செய்வது என்று சொல்லித் தரப் பள்ளியில் ஆள் இல்லை. பேட்டரி போனால் எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. பிறகு திட்டமே சில ஆண்டுகள் நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தர 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது நல்ல செய்தி. அதே ஆண்டு ஆறாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் இணையக் கருவிகளும் சொல்லித் தர 'டிஎன் ஸ்பார்க்' திட்டம் வந்தது அதைவிட நல்ல செய்தி. சொல்லித் தருவதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வாரத்தில் தவறாத பீரியடும் அதோடு வர வேண்டும். கருவி வந்து, ஆள் வராமல் போன கதையை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

ஆளோடு சேர்ந்து போனால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 1991இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண், அடுத்த ஊர் வகுப்புக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பாராமல் போக வேண்டும் என்பது எண்ணம். மாலையில் மைதானத்தில் தொண்டர்கள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, கல்லுடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் செவிலியர்களும் ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குழந்தையை முன் பாரில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வாங்கக் கடனும் கிடைத்தது. சைக்கிளை மட்டும் வீட்டுக்கு வீடு இறக்கிவிட்டிருந்தால் அதை ஆண்கள் ஓட்டியிருப்பார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே மைதானத்தில் ஒன்றாக விழுந்து எழுந்ததால் வெட்கம் போனது. கணினிக்கும் அந்த மைதானம் வேண்டும்.

கேரளம் அதைச் செய்து பார்த்தது. மலப்புறத்தில் 2002இல் 'அக்ஷயா' மையங்கள், வீட்டுக்கு ஒருவரையாவது கணினியில் பழக்குவது என்று தொடங்கின. அங்கே வேர் விட்ட முயற்சி, 2025 ஆகஸ்டில் மாநிலம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கும் இடம் வரை வந்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, தெரியாதவர்களைக் கண்டுபிடித்து, தொண்டர்கள் போய்ச் சொல்லித் தந்தார்கள். நூறு வயது தாண்டிய பெரியவர்கூடப் பழகினார். அறிவிப்பில் கொஞ்சம் கொண்டாட்டம் கலந்திருக்கலாம், முறை சரி.

நமக்கும் ஆள்பலம் குறைவில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, ஒன்றிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் 2021 நவம்பர் வரை வகுப்பறையையே பார்க்காதிருந்தபோது, அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் லட்சக்கணக்கில் முன்வந்தார்கள். பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாய் விரித்து அவர்கள் நடத்திய வகுப்பை ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த அக்காக்களுக்கு முறையாகக் கணினி கற்றுக்கொடுத்து, மதிப்பூதியமும் தந்தால், ஊருக்கு ஒருவர் இப்போதே தயார்.

பூட்டை உடைத்த ஊர்

புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை அமைத்தது. கட்டடமும் தொண்டரும் ஊர் தர வேண்டும். கணினியும் பயிற்சியும் நிறுவனம் தரும். எல்லாச் சாதியினரும் தடையில்லாமல் வந்துபோகக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை மையத்தில் எடுத்து, தமிழில் சொல்லி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். ஒரு கணினி, ஒரு பெண், ஒரு மைக். கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்று அதைக் கேட்டுத் தீர்மானித்தவர்களில் பலர் கணினியைத் தொட்டதே இல்லை.

நல்லவாடு என்ற ஊரிலும் அப்படியொரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலைபார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். விடுமுறை நாள், மையம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பித்தார்கள். அந்த மைக் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று ஊரில் பலருக்குத் தெரிந்திருந்ததுதான் அன்று உதவியது.

மொழியையும் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை வந்தது, அரசும் ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் 'அம்மா' வந்துவிடும். புள்ளி தானாக விழும். அரிச்சுவடி தெரிந்த பிள்ளை ஒரு வாரத்தில் பழகிவிடும். கால் நூற்றாண்டு கடந்தும் நம் பள்ளிகளில் அதைச் சொல்லித் தரும் பழக்கம் பரவவில்லை. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். விண்ணப்பத் தளங்களில் வரும் பிழைச் செய்திகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. பிழை என்னவென்றே படிக்க முடியாதவர், பாதியில் விட்டுவிட்டுப் பேருந்து நிலையக் கடைக்குத்தான் போவார். அரசுத் தளம் ஒவ்வொன்றும் பிழைச் செய்தி வரை முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போடப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் கேஒய்சி செய்ய முடியாமல் தவித்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேமரா முன் கண்ணை இமைக்கச் சொன்னால் இமைக்க முடியாதவர்களுக்காகச் சொன்ன தீர்ப்பு அது. விரல் ரேகை தேய்ந்துபோன முதியவருக்கும், மெயில் ஐடி என்றால் என்னவென்று தெரியாத தாய்க்கும் அதே உரிமை பொருந்தும் என்றே நான் வாசிக்கிறேன்.

இனி நடக்க வேண்டியதற்கு இடம் தேட வேண்டியதில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 1948இல் நாட்டுக்கே முன்னோடியாகச் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை லேப் திறந்திருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும். நூலகத்தில் நான்கு கணினியும் ஓர் அக்காவும் இருக்கட்டும். ரிசல்ட் வரும் வாரத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் தங்கள் மின்னஞ்சலைத் தாங்களே தொடங்கி, தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே தீர்மானித்து, விருப்பப் பட்டியலைத் தாங்களே போட அங்கே உட்காரலாம்.

இதற்குக் குறுக்கே நிற்பது பெரிய கொள்கை எதுவும் இல்லை. ஓர் இருப்புப் பதிவேடு. லேபில் ஒரு மவுஸ் காணாமல் போனாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். நான்கு மணிக்கு அவர் பூட்டிச் சாவியை எடுத்துப் போவதில் தவறு காண முடியாது. எனவே பள்ளிக் கல்வித் துறை முதலில் போட வேண்டிய அரசாணை இதுதான்: மாலை நேரத்துக்கு லேபின் பொறுப்பு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மாறட்டும், தேய்மானத்துக்கும் தொலைந்த பொருளுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படட்டும், அந்தச் சாவி இன்னார் கையில் என்று பள்ளி வாசலில் பெயர் எழுதி ஒட்டப்படட்டும்.